அடுத்த ப்ராசசர் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: பள்ளி மாணவர்களுக்குக் கணக்குப் பாட வீடியோக்கள் தயாரிப்பவள் நான். 2017 தொடக்கத்தில் வாங்கிய டெஸ்க்டாப்தான் இன்றும் ஓடுகிறது. இன்டெல் கோர் ஐ7, நான்கு கோர், 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். எடிட் செய்யும்போது படம் திக்கித் திக்கி ஓடுகிறது. அரை மணி நேரப் பாடத்தை எக்ஸ்போர்ட் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புதிது வாங்க இரண்டு வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். கிளம்பும்போதெல்லாம் "அடுத்த மாதம் புது சிப் வருகிறது, 20 சதவீதம் வேகம் கூடுதல்" என்று ஒரு செய்தி வந்துவிடுகிறது. தம்பி இன்டெல்தான் என்கிறான். உடன் வேலை செய்பவர் ஏஎம்டிதான் என்கிறார். இந்தப் போட்டியில் உண்மையில் யார் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள்? நான் காத்திருப்பதா, வாங்குவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குங்கள். ஆனால் ஒரே ஒரு மாலை நேரம் மட்டும் பொறுத்து, உங்கள் கணினி எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதை எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கணினிகளைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருப்பவன் நான். இந்தக் கேள்வியை வருடத்துக்கு வருடம் கேட்டிருக்கிறேன். பதில் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

கணினியின் மூளையான ப்ராசசர் சிப்பைச் செய்யும் இந்த இரண்டு கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே வயது. இன்டெல் 1968இல் தொடங்கியது, ஏஎம்டி 1969இல். ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை 1981இல் கொண்டுவந்தபோது அதற்குள் இருந்தது இன்டெலின் 8088. ஒரே ஆளை நம்பி இருக்க ஐபிஎம்முக்கு விருப்பமில்லை, இன்னொருவரும் இதே சிப்பைச் செய்துதர வேண்டும் என்றது. அப்படித்தான் ஏஎம்டி உள்ளே வந்தது. முதலில் அனுமதியோடு நகல் செய்து கொடுத்தவர்கள், 1991இல் இன்டெலின் 386 சிப் 33 மெகாஹெர்ட்ஸில் (நொடிக்கு 3.3 கோடி துடிப்பு) ஓடிக்கொண்டிருந்தபோது, தங்கள் 386ஐ 40 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டினார்கள். போட்டாபோட்டி அன்றிலிருந்து சூடு பிடித்தது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் 'ஒரு கிகாஹெர்ட்ஸ்'. நொடிக்கு நூறு கோடி துடிப்பு. யார் முதலில் தொடுவார்கள் என்பதுதான் பேச்சு. 2000 மார்ச் 6ஆம் தேதி ஏஎம்டி தன் அத்லானை ஒரு கிகாஹெர்ட்ஸில் அறிவித்தது. இரண்டே நாளில், மார்ச் 8 அன்று, இன்டெல் தன் பென்டியம் 3ஐ அதே வேகத்தில் இறக்கியது. அதோடு நின்றிருக்கலாம். முந்திவிட வேண்டும் என்ற வேகத்தில் அதே ஜூலை கடைசியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ வெளியிட்டார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலை, எழுதிய நிரலிலிருந்து ஓடக்கூடிய வடிவுக்கு மாற்ற (கம்பைல் செய்ய) முயன்றபோது, வேலை பாதியில் பிழை காட்டி நின்றது. ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தச் சிப்பை இன்டெலே திரும்பப் பெற்றுக்கொண்டது. போட்டி சிப்பின் தரத்தை முந்திக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு நான் இன்றும் சொல்லும் உதாரணம் இதுதான்.

அப்புறம் வந்தது பென்டியம் 4. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று நீங்கள் பார்க்கும் விளம்பர எண்களை எப்படிப் படிப்பது என்பது இந்தக் கதைக்குள் இருக்கிறது.

ஒரு ப்ராசசர் ஒரு கட்டளையை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. வரிசையாக ஆட்கள் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, பல படிகளாகப் பிரித்து நகர்த்துகிறது. வரிசையில் ஆட்களைக் கூட்டி, ஒவ்வொருவர் கையும் நகர வேண்டிய தூரத்தைக் குறைத்தால் வாளிகள் வேகமாக நகரும். கிளாக் வேகம் என்பது அந்தக் கைமாற்றின் தாளம். பென்டியம் 3இல் ஏறக்குறைய பத்துப் படிகள் இருந்தன. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4இல் இருபது. 2004இல் வந்த அதன் பிற்கால வடிவத்தில் முப்பத்தொன்று. தாளம் கூடியது, கிகாஹெர்ட்ஸ் எண் ஏறியது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்கவும் முடிந்தது.

இதில் ஒரு சிக்கல். நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று ப்ராசசர் முன்கூட்டியே ஊகித்துத்தான் வாளிகளை அனுப்புகிறது. ஊகம் தப்பினால் வரிசையில் இருக்கும் வாளி அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து பேர் வரிசையில் அந்த நஷ்டம் சின்னது, முப்பத்தொரு பேர் வரிசையில் பெரியது. அதனால்தான் 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, பல வேலைகளில் தன்னைவிடக் குறைந்த கிளாக்கில் ஓடிய அத்லானிடம் தோற்றது. தன் சிப்பின் வேகத்தை நேராகச் சொன்னால் மக்கள் குறைத்து எடைபோடுகிறார்கள் என்று ஏஎம்டி 2001இல் பெயரையே மாற்றி வைத்தது. 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சிப்புக்கு அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயர். வாங்க வந்தவர்களிடம் அந்த 1800க்கு விளக்கம் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிய நாட்கள் உண்டு.

பென்டியம் 4ஐப் பத்து கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகலாம் என்று இன்டெல் அப்போது நம்பியது. 3.8இல் முட்டி நின்றது. நான்கு கிகாஹெர்ட்ஸ் சிப்பை அறிவித்துவிட்டு 2004 அக்டோபரில் ரத்து செய்தார்கள். அன்றைய தலைவர் கிரெய்க் பாரெட், நிகழ்ச்சி ஒன்றில் மேடையிலேயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். தடையாக நின்றது வெப்பம். ஒரு சிப் தின்னும் மின்சாரம் கிளாக் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு வர்க்கமாகவும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட, மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், மின்சாரச் செலவு 33 சதவீதம் ஏறிவிடும். ஏறிய மின்சாரம் அத்தனையும் விரல் நகம் அளவு சில்லில் சூடாக வெளிவர வேண்டும். சிப்புக்குள் இருக்கும் மின் ஸ்விட்சான ட்ரான்சிஸ்டர் சிறுத்தால் மின்னழுத்தமும் கூடவே குறையும் என்ற பழைய சௌகரியம் 2005 வாக்கில் முடிந்துபோனது. 2000இலிருந்து 2004க்குள் ஒரு கிகாஹெர்ட்ஸ் 3.8 ஆனது. அதற்கடுத்த இருபது வருடத்தில் 3.8, 2024இன் கோர் ஐ9-14900கேஎஸ் தொட்ட 6.2 ஆகத்தான் முடிந்தது. அதுவும் ஓரிரு கோர்கள் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மட்டும், சில நொடிகளுக்கு.

2006 ஜூலையில் இன்டெலே தன் பாதையை மாற்றிக்கொண்டு கோர் 2 டுவோவைக் கொண்டுவந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தச் சிப், 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ அனாயாசமாகத் தாண்டியது. முதன்முதலாக ஒன்றைப் பூட்டி ஓடவிட்டது நன்றாக நினைவிருக்கிறது. ஃபேன் சத்தமே கேட்கவில்லை, வயரைச் செருக மறந்துவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன்.

இதே தவறை ஏஎம்டியும் பிறகு செய்தது. 2013இல் எஃப்எக்ஸ்-9590 என்று ஒரு சிப், 5 கிகாஹெர்ட்ஸ், 220 வாட். எண் பார்க்க அழகாக இருந்தது. பல வேலைகளில் அதைவிடக் குறைந்த கிளாக், மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் என்றிருந்த இன்டெல் சிப்புகள் அதைத் தாண்டின. ஆக, தம்பியும் உடன் வேலை செய்பவரும் தத்தம் கட்சிக்கு வாதாடும்போது, இரண்டு கட்சியும் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவைதான் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லலாம். இன்று டெஸ்க்டாப்பில் பெரும்பாலோர் ஓட்டும் 64 பிட் கட்டளைத் தொகுப்பு, ஏஎம்டி 2003இல் கொண்டுவந்தது. இன்டெல் அடுத்த வருடமே அதை எடுத்துக்கொண்டது. தம்பி பெருமைப்படும் இன்டெல் சிப்புக்குள் ஏஎம்டி உருவாக்கியது இருக்கிறது. ஏஎம்டி சிப்போ, அடி முதல் இன்டெலின் 8086 வம்சம்.

சரி, உங்கள் கணினிக்கு வருகிறேன். 2007 ஜனவரியில் இன்டெல் க்யூ6600 வந்தது, நான்கு கோர். பத்து வருடம் கழித்து 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7-7700கே, அதுவும் நான்கு கோர். அந்தப் பத்து வருடத்தின் பெரும்பகுதியில் ஏஎம்டி கீழே கிடந்தது. முந்த ஆள் இல்லாதபோது ஓடுகிறவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். 2017 மார்ச் 2ஆம் தேதி ஏஎம்டியின் ரைசன் வந்தது. எட்டு கோர், 499 டாலர். அன்றைக்கு இன்டெலிடம் எட்டு கோர் வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல். அதே அக்டோபரில் இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் வரிசையில் ஆறு கோர் வந்தது, அடுத்த அக்டோபரில் எட்டு கோர். பத்து வருடம் நகராதது இருபது மாதத்துக்குள் இரட்டிப்பானது. உங்கள் கணினி அந்தத் தேக்க காலத்தின் கடைசிப் பிள்ளை. ஒரு சில மாதம் தள்ளி வாங்கியிருந்தால் என்று வருத்தப்படாதீர்கள், இத்தனை வருடம் உழைத்திருக்கிறது அது.

ஆகவே போட்டியில் யார் ஜெயிக்கிறார் என்பதைவிட, போட்டி உயிரோடு இருக்கிறதா என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். உயிரோடு இருக்கும்போது நடுத்தர விலைச் சிப்புகள் நன்றாகிக்கொண்டே போகின்றன. இப்போது உயிரோடுதான் இருக்கிறது.

இனி அந்த 20 சதவீதம். விளம்பரத்தைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் '20 சதவீதம் வரை' என்று இருக்கும். அந்த 'வரை'யில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எந்தப் ப்ரோகிராமில், எந்தப் பழைய சிப்போடு ஒப்பிட்டு, எத்தனை வாட் கொடுத்து, எந்த வேக ராம் போட்டு என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கேம் ஆடுகிறவருக்கு 20, வீடியோ எடிட் செய்கிறவருக்கு 5 என்பது ஒரே சிப்பில் நடக்கும். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி நல்ல உதாரணம். அதன் அண்ணன் 5800எக்ஸைவிடக் கிளாக் குறைவு. ஆனால் அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகத்தைச் சிப்பின் மேல் இன்னொரு அடுக்காக ஒட்டி 96 எம்பி ஆக்கினார்கள். கேம்களில் அண்ணனை விட்டுத் தூரமாக முன்னே போனது. மற்ற பல வேலைகளில் அண்ணனுக்குப் பின்னேதான்.

கேஷுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று ஒரு கணக்கு ஆசிரியைக்குச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.2 நானோ நொடி. அதற்குள் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும், உங்கள் ஆள்காட்டி விரல் நீளத்தைக்கூடத் தாண்டாது. ராமிலிருந்து ஒரு தகவல் வந்துசேர ஏறக்குறைய 70 நானோ நொடி. அதாவது 350 துடிப்புகள். அத்தனை நேரமும் அந்தக் கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்படி ஆகலாம். கிளாக்கை ஏற்றினால் நிற்கும் துடிப்புகளின் எண்ணிக்கை கூடுகிறதே ஒழிய, தகவல் சீக்கிரம் வந்துவிடாது. பக்கத்திலேயே பெரிய கேஷ் இருந்தால் அந்த ஓட்டம் பலமுறை மிச்சம்.

கோர் எண்ணிக்கையையும் இதே கண்ணோடு பாருங்கள். பத்து நிமிட வேலை ஒன்றில் இரண்டு நிமிடப் பகுதியைப் பிரித்துக் கொடுக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எட்டை நான்கு கோர் பங்கிட்டால் மொத்தம் நான்கு நிமிடம். பதினாறு கோர் என்றால் இரண்டரை நிமிடம். ஆயிரம் கோர் போட்டாலும் இரண்டுக்குக் கீழே போகாது. ஜீன் அம்டால் 1967இலேயே சொன்ன விஷயம் இது. அதோடு, எல்லா கோரும் ஒன்றல்ல. இன்டெல் 2021இலிருந்து பெரிய கோர், சிறிய கோர் என்று கலந்து வைக்கிறது. கோர் ஐ9-13900கேயில் 24 கோர் என்றால், எட்டு பெரியது, பதினாறு சிறியது. அதை ஏஎம்டியின் 16 கோரோடு எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

இப்போது அந்த ஒரு மாலை வேலை. வழக்கமாக நீங்கள் எக்ஸ்போர்ட் செய்யும் ஒரு பாடத்தை எக்ஸ்போர்ட் போடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் சிப் ஒவ்வொரு கோரையும் இரண்டாகக் காட்டுவதால் எட்டுக் கட்டங்கள் தெரியும். எட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றால், உங்களுக்கு உண்மையிலேயே கோர் போதவில்லை, புது ப்ராசசர் நேராகவே உதவும். ஒன்றிரண்டு மட்டும் மேலே, மற்றவை தூங்குகின்றன என்றால் கோரைக் கூட்டிப் பலனில்லை, ஒவ்வொரு கோரும் வலுவாக உள்ள சிப் வேண்டும்.

ஆனால் 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் என்று எழுதியிருக்கிறீர்களே, நான் எதிர்பார்ப்பது வேறு. சிபியு பாதியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், மெமரி நிரம்பி வழியும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதித் திரும்ப எடுக்கிறது. ஹார்ட் டிஸ்கின் முள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் போக ஏறக்குறைய 10 மில்லி நொடி, அசையும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குதான். படம் திக்குவதற்கு இது பெரிய காரணம். உலகத்திலேயே வேகமான ப்ராசசரைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்த டிஸ்குக்காக அதுவும் காத்துத்தான் கிடக்கும்.

அதே பக்கத்தில் 'ஸ்பீட்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். வேலை நடக்கும்போது அது சிப்பின் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால், சூடு தாங்காமல் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். சில மாதத்துக்கு முன் உங்களுடையதைப் போன்ற ஒரு கணினி என் மேசைக்கு வந்தது. பக்கப் பலகையைக் கழற்றினேன். கூலரின் ஃபேனை எடுத்ததும் அதற்குக் கீழே தூசி கம்பளித் துணிபோல ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. கூலரையும் தூக்கினேன். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பேஸ்ட், வற்றிய ஏரி மண்போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து அழுத்தி, ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன். நூறு டிகிரியை ஒட்டி நின்ற சூடு எழுபதுகளுக்கு இறங்கியது. கிளாக் தன் இடத்துக்குத் திரும்பியது. புதிது வாங்க வந்தவர் பழையதையே எடுத்துக்கொண்டு போனார். தெரிந்தவர் ஒருவரை விட்டு உங்களுடையதையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன்? உங்கள் கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறைச் சிப்பாகவோ அதற்கு முந்தியதாகவோ இருக்க வேண்டும். ஓரிரு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. மாணவர்களின் பெயர், மதிப்பெண் எல்லாம் வைத்திருக்கும் கணினியைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இணையத்தில் நெடுநாள் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பழைய போர்டுக்கு (எல்லாப் பாகங்களையும் பூட்டும் மதர்போர்டு) ராம் வாங்கிப் போடுவதும் வீண். அது பெரும்பாலும் டிடிஆர்4 என்ற பழைய வகை ராம் கேட்கும், ஏஎம்டியின் இப்போதைய ஏஎம்5 போர்டுகளும் இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வரிசை போர்டுகளும் புது வகையான டிடிஆர்5 தவிர வேறெதையும் ஏற்காது. எஸ்எஸ்டி மட்டும் நாளையே வாங்கிப் போடலாம், அது புதுக் கணினிக்கும் கூடவே வரும்.

எதை வாங்குவது? உச்சியில் இருக்கும் சிப்பைத் தொடாதீர்கள். பட்டத்தைப் பிடிப்பதற்காகவே இரண்டு பேரும் அந்தச் சிப்புகளை எல்லை வரை முறுக்கி விடுகிறார்கள். 13900கேயின் அடிப்படை மின்சாரம் 125 வாட், முழு வேகத்தில் 253 வாட். ரைசன் 9 7950எக்ஸ் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படியே வடிவமைக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஒரு சிப்புக்கு பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பு நிரல்) மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு எக்ஸ்போர்ட்டை ஓட்டிப் பார்த்தேன். முடிந்த நேரத்தில் வித்தியாசம் அவ்வளவு குறைவாக இருந்ததால், அளவு உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று மறுபடி பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசிச் சில சதவீத வேகத்துக்குத்தான் அந்தச் சூடும், அந்தப் பெரிய கூலரும், அந்த யானை விலையும். உச்சியிலிருந்து ஒன்றிரண்டு படி கீழே, எட்டு கோரோ அதற்கு ஈடானதோ, 65 வாட் வகைச் சிப் ஒன்று எடுங்கள். உங்கள் நான்கு கோரோடு பார்த்தால் அதுவே பெரிய தாவல். மிஞ்சும் பணத்தில் 32 ஜிபி ராம் போடுங்கள்.

கட்சியைப் பொறுத்தவரை உங்கள் வேலைக்கு ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. இன்டெல் சிப்பில் உள்ளடங்கிய கிராஃபிக்ஸுக்குள் 'குவிக் சிங்க்' என்று வீடியோவைப் பிரிக்கவும் சுருக்கவும் தனிப் பகுதி இருக்கிறது. கேமராக்கள் பதிவுசெய்யும் எச்இவிசி என்ற வீடியோச் சுருக்க முறையின் சில கடினமான வகைகளைக்கூட அது தடங்கலில்லாமல் ஓட்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் இல்லையென்றால் இன்டெல் பக்கம் இது ஒரு நியாயமான காரணம். ஆனால் பெயர் 'எஃப்' என்று முடியும் சிப்பை எடுத்துவிடாதீர்கள், அதில் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. ஏஎம்டி பக்கம் உள்ள நியாயம் போர்டு. ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசசரைச் செருகும் இடம்) 2017இன் முதல் ரைசன் பூட்டிய பலர், போர்டை மாற்றாமலேயே 2020க்குப் பிறகு வந்த சிப்பைப் போட்டுக்கொண்டார்கள். ஏஎம்5க்கும் 2027 தாண்டி ஆதரவு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். இன்டெல் பொதுவாக இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு முறை சாக்கெட்டை மாற்றிவிடும். நீங்களோ ஒரு கணினியை எட்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவீர்கள் என்றால் நான் ஏஎம்டி போர்டைத்தான் சொல்வேன், இல்லையென்றால் எஃப் இல்லாத இன்டெல்.

காத்திருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரப்போகும் சிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே வந்த சிப்புக்காக மூன்று நான்கு மாதம் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. 'முதல் நாள் முதல் காட்சி' ஆர்வம் ப்ராசசருக்கு ஆகாது. 2023இல் ஏஎம்டியின் எக்ஸ்3டி சிப்புகள் சில, மின்னழுத்தம் மிகுந்து கருகின. பயாஸ் அப்டேட் கொடுத்து அழுத்தத்துக்கு வரம்பு போட்டார்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறியதால் நாளடைவில் நிலை தடுமாறின. 2024 ஆகஸ்டில்தான் அதைச் சரிசெய்யும் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் நிரல்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆகவே வந்து சில மாதமாகிப் பிரச்சினைகள் வெளிப்பட்டுத் தீர்ந்துவிட்ட சிப்பை வாங்குங்கள். பூட்டிய அன்றே முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யச் சொல்லுங்கள். அடுத்தவர் புதிதை இறக்கும் நேரத்தில் இதன் விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். இத்தனை நாள் உங்களைத் தள்ளிப்போட வைத்த அதே செய்தி, அப்போது உங்கள் பக்கம் வேலை செய்யும்.

புதுக் கணினி வரும்வரை பாடங்கள் நிற்க வேண்டாம். உங்கள் எடிட்டிங் ப்ரோகிராமில் 'ப்ராக்ஸி' என்று ஒரு வசதி இருக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் சின்ன அளவில் ஒரு நகல் செய்து, எடிட் முழுவதும் அதை வைத்தே நடத்தி, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் அசல் காட்சிக்குத் திரும்பும். நகல் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். எக்ஸ்போர்ட் நேரம் இதனால் குறையாது, ஆனால் படம் திக்குவது இன்றிரவே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டாஸ்க் மேனேஜரில் பார்த்ததை மட்டும் குறித்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்: எட்டுக் கட்டங்களும் எப்படி நின்றன, மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, ஸ்பீட் எங்கே இறங்கியது. கேமரா எந்த வகையில் பதிவு செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தச் சிப், எந்த போர்டு என்று பெயரோடு சொல்கிறேன்.